கடைக்காரர் மேல் புகாரா? முதலில் பில்லை எடுங்கள்

சரக்கு வாங்கிய கடையோடு தகராறு. ஆன்லைனில் எங்கே, எப்படிப் புகார் செய்வது? எலெக்ட்ரீஷியன், டைல்ஸ் மேஸ்திரி, ஆசாரி, தையல் கடைக்காரர் என்று பலரும் இதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பயன்படும் ஏழு கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் 2.5 சதுர மி.மீ. வயர் எட்டு காயில் (சுருள்) வாங்கினேன். ஐந்தைப் போட்டு ஒரு வீட்டுக்கு வயரிங் முடித்தாயிற்று. ஏசி ஓடினால் வயர் சூடாகிறது என்று வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். கடையில் கேட்டால், "பிரிச்ச காயிலை எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் கடை பெயரைப் போட்டுவிடலாமா?
– எலெக்ட்ரீஷியன், வியாசர்பாடி

பதில்: போடலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். தப்பு வயரில்தான் என்று உங்களால் காட்ட முடியாதவரை, அந்தப் பதிவு கடைக்காரரைவிட உங்களைத்தான் சிக்கலில் மாட்டும்.

முதலில் சூடு எங்கே என்று பாருங்கள். டெர்மினல் (வயரை ஸ்க்ரூ போட்டு இறுக்கும் இடம்) பக்கத்தில் ஓரிரு அங்குலம் மட்டும் இன்சுலேஷன் கருத்து, இறுகிப்போயிருந்தால் அது லூஸ் காண்டாக்ட். ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை, அல்லது மல்ட்டி ஸ்ட்ராண்ட் இழைகளில் பாதி வெளியே நின்றிருக்கும். அதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. நடுவழியிலும் ஒரே சீராகச் சூடு இருந்தால்தான் வயரையோ லோடையோ சந்தேகப்பட வேண்டும். ஒரே பைப்பில் நாலைந்து சர்க்யூட் நெருக்கி ஓட்டியிருந்தால், கம்பெனி அட்டவணையில் போட்டிருக்கும் ஆம்பியரை அந்த வயர் தாங்காது; இதையும் கழித்துப் பாருங்கள்.

அடுத்தது அளவு. "காயில் எடை கம்மி, செம்பு கம்மி" என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது நிற்காது. வயருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 694, உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்கு (கண்டெக்டர்) ஐ.எஸ். 8130-ஐக் காட்டுகிறது, அது கட்டுப்படுத்துவது எடையை அல்ல, ரெசிஸ்டன்ஸை (மின்தடையை). வளையும் மல்ட்டி ஸ்ட்ராண்ட் செம்பு வயருக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு உச்ச வரம்பு: 1.5 சதுர மி.மீ.க்கு 13.3 ஓம், 2.5-க்கு 7.98 ஓம், 4-க்கு 4.95 ஓம். அப்படியானால் 90 மீட்டர் காயில் 2.5-க்கு 0.72 ஓம். நம் ஊர் வெயிலில் 32 டிகிரியில் அளந்தால் செம்பின் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் ஏறும், 0.75 வரை நியாயம். 2.5 என்பது பெயரளவு என்பதால், கேலிப்பரால் இழையை அளந்து கணக்குப் போட்டு 2.3 தான் வருகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள். ரெசிஸ்டன்ஸ் வரம்புக்குள் இருந்தால் அந்த வயர் தேறிவிடும்.

சாதாரண மல்ட்டிமீட்டரில் ஒரு ஓமுக்குக் கீழே வரும் அளவை நம்ப முடியாது. மீட்டர் வயரே 0.2, 0.3 ஓம் காட்டும். இரண்டு முனையையும் சேர்த்து வரும் அளவைக் கழித்துக்கொண்டால் ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். அது உங்கள் சந்தேகத்துக்குப் போதும், புகாருக்குப் போதாது. புகாருக்கு நான்கு முனை மைக்ரோ ஓம் மீட்டரில் எடுத்த அளவு வேண்டும். தரமணியில் மத்திய அரசின் தேசியப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. பிளாஸ்டிக் பைப் தகராறு என்றால் கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிலையம், சிப்பெட். சோதனைக் கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு, தகராறில் இருக்கும் தொகைக்கு அது கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யுங்கள்.

உங்களிடம் பிரிக்காமல் மூன்று காயில் இருக்கிறதே, அதுதான் உங்கள் பலம். அதைப் பிரித்து வேலைக்குப் போடாதீர்கள். சுவருக்குள் போன வயரை வைத்துப் பேசினால் "நீங்க என்ன செஞ்சீங்களோ" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். லேபிளை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள்: ஐ.எஸ்.ஐ. முத்திரை, மேலே ஐ.எஸ். எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண், லாட் எண், தயாரித்த மாதம், கம்பெனி முகவரி. அந்த லைசென்ஸ் எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது, இப்போது செல்லுமா என்று காட்டும். எண்ணே இல்லை, அல்லது வேறு கம்பெனி பெயர் வருகிறது என்றால் விஷயம் மாறிவிடுகிறது. அது தரக்குறைவான சரக்கு இல்லை, போலி முத்திரை. அந்தச் செயலியிலேயே புகார் பகுதி இருக்கிறது. முத்திரையில் இருக்கும் கம்பெனிக்கும் மெயில் போடுங்கள். தன் பெயரில் போலி ஓடுவதைக் கம்பெனி சும்மா விடாது. கடைக்காரரே ஏமாந்திருக்கவும் வாய்ப்புண்டு. அவரைப் போலிக்கு உடந்தை என்று எழுதிவிடாதீர்கள்.

இவ்வளவும் கையில் வந்தபிறகு கடைக்கு எழுதுங்கள். போனில் கத்துவது எங்கும் பதிவாகாது. வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் ஒரே வாசகத்தை அனுப்புங்கள். இந்த மாதிரி:

"பில் எண் …, தேதி …. 2.5 சதுர மி.மீ. சிவப்பு, 90 மீட்டர், 8 காயில், லாட் எண் …. பிரிக்காத ஒரு காயிலைச் சோதித்ததில் 20 டிகிரிக்குத் திருத்திய ரெசிஸ்டன்ஸ் 1.05 ஓம், வரம்பு 0.72. அறிக்கை இணைப்பில். மூன்று காயிலைத் திரும்ப எடுத்துப் பணம் தரவும். போட்டுவிட்ட ஐந்துக்கு மாற்று வயர் தரவும். … தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

இவ்வளவுதான். "ஏமாத்திட்டீங்க", "நாசமாப் போவீங்க" எதுவும் வேண்டாம். கேட்பதை எண்ணிச் சொல்லுங்கள். "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் எதைக் கொடுத்தால் நீங்கள் அடங்குவீர்கள் என்று எதிராளிக்குத் தெரியாது. கடைக்காரர் டீலரிடம் கேட்க வேண்டும், டீலர் கம்பெனியிடம் கேட்க வேண்டும். ஏழிலிருந்து பத்து வேலை நாள் கொடுப்பது முறை. அதற்குள் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதன்பிறகு குரூப்பில் போட்டாலும் கூகுளில் போட்டாலும் உங்கள் பக்கம் சுத்தம்.

இடையில் ஒன்று: சூடாகும் அந்த சர்க்யூட்டில் ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டீர்களா? புகாரைவிட அது அவசரம்.

கேள்வி: டைல்ஸ் ஷேடு மாறி வந்துவிட்டது. பாதி ஹாலில் ஒட்டியபிறகுதான் வெளிச்சத்தில் தெரிந்தது. மாற்றித் தருகிறேன் என்கிற கடை, பெயர்த்து ஒட்டும் கூலி தரமாட்டேன் என்கிறது. புகார் செய்தால் கிடைக்குமா?
– டைல்ஸ் மேஸ்திரி, பல்லாவரம்

பதில்: கஷ்டம். டைல்ஸ் பெட்டியில் ஷேடு எண்ணும் லாட் எண்ணும் அச்சடித்தே வருகின்றன. ஒட்டும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒட்டியபின் பொறுப்பில்லை என்று பெரும்பாலான கம்பெனிகள் பெட்டியிலேயே போட்டுவிடுகின்றன. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் வாங்குபவருக்குச் சரக்கைப் பார்த்துச் சோதிக்க உரிமை தருகிறது. பார்த்தபின் நியாயமான காலத்துக்குள் 'வேண்டாம்' என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு.

உங்களுக்கு வழி இருப்பது ஒரே இடத்தில்தான். எல்லாப் பெட்டியும் ஒரே ஷேடு என்று பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ கடை எழுதிக் கொடுத்து, பெட்டிகளில் இரண்டு எண் கலந்து வந்திருந்தால் அது கடையின் தவறு. காலிப் பெட்டிகளை இன்னும் எறியவில்லையே? எல்லாவற்றின் பக்கவாட்டு ஸ்டிக்கரையும் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுங்கள். சண்டையைக் கூலியில் ஆரம்பிக்காமல், கூலியில் பாதி என்று ஆரம்பித்தால் பேசி முடிய வாய்ப்பு அதிகம். நீங்களும் பெட்டியைப் பார்க்காமல் ஒட்டியவர்தானே.

இனிமேல் சரக்கு இறங்கும்போதே பெட்டிக்கு ஒன்றாக எடுத்து, தரையில் ஒட்டாமல் பரப்பி, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டாத டைல்ஸைப் பெரும்பாலான கடைகள் கூச்சலில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: தொழிலுக்காக வாங்குகிறவன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார்கள். 68,000 ரூபாய்க்கு வாங்கிய தையல் மெஷின் மூன்றாவது மாதத்திலிருந்து நூலை அறுக்கிறது. என்ன செய்வது?
– தையல் கடை, கொளத்தூர்

பதில்: பாதி உண்மையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 மறுவிற்பனைக்கும் வணிக நோக்கத்துக்கும் வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. பழைய நுகர்வோர் சட்டத்திலும் இதே விளக்கம் இருந்தது; லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பொருள் சொன்னது: தானே ஓட்டிப் பிழைக்க லேத்தோ ஆட்டோவோ வாங்கியவர் நுகர்வோர்தான், கூட ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. பத்து மெஷின் போட்டு ஆள் வைத்து நடத்துகிற யூனிட் என்றால் கதை வேறு.

ஆகவே புகாரில் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்: 'நான் சுயதொழில் செய்பவன், இந்த மெஷினை நானே ஓட்டுகிறேன், இதுதான் என் பிழைப்பு.' இந்த வரி இல்லாமல் போகும் புகாருக்கு எதிர்த்தரப்பின் முதல் பதிலே 'இவர் நுகர்வோர் இல்லை' என்பதாகத்தான் இருக்கும்.

வரிசை இது. முதலில் கம்பெனி சர்வீஸில் புகார் எண் வாங்குங்கள். மெக்கானிக் வந்து போகும் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் (அவர் எழுதித் தரும் வேலைச் சீட்டு) 'நூல் அறுகிறது' என்ற குறையை அவர் கையாலேயே எழுத வையுங்கள். 'ஜெனரல் சர்வீஸ்' என்று எழுதிப் போய்விட்டால் பிறகு பழுதே இருந்ததாகத் தெரியாது. அதில் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனியைத் தொடர்புகொண்டு சமரசம் செய்து பார்ப்பார்கள், உத்தரவு போட அதிகாரம் இல்லை. பெரிய கம்பெனிகளிடம் இதிலேயே பலதும் முடிந்துவிடுகிறது. சின்னக் கடைகள் அசைந்து கொடுப்பது குறைவு.

கடைசியில்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். முன்பிருந்த 'இ-தாக்கில்' இடத்தில் 2025 ஜனவரியில் வந்தது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கம்பெனி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கிற அல்லது தொழில் செய்கிற ஊரிலேயே தாக்கல் செய்ய இந்தச் சட்டம் வழி விடுகிறது. வக்கீல் கட்டாயமில்லை.

வயரிங், பிளம்பிங் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சரக்கை உங்கள் பெயரில் வாங்கி வீட்டுக்காரருக்கு பில் போட்டால் அது மறுவிற்பனை என்று சொல்ல இடமிருக்கிறது. பெரிய சரக்கை வீட்டுக்காரர் பெயரிலேயே பில் போடச் சொல்லுங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் அவர், சாட்சி நீங்கள். அந்த இடம் உங்களுக்கும் நல்லது.

கேள்வி: பிளைவுட் கடை ஒன்றைப் பற்றி "710 கிரேடுன்னு சொல்லி டூப்ளிகேட் விக்கிறான், திருட்டுப் பய" என்று ரிவ்யூ போட்டேன். மான நஷ்ட வழக்குப் போடுவேன் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் சொன்னது உண்மைதானே?
– ஆசாரி, பெரம்பூர்

பதில்: நோட்டீஸுக்குப் பதில் சொல்ல ஒரு வக்கீலைப் பாருங்கள், அதைப் பத்திரிகையில் எழுதித் தீர்க்க முடியாது. ரிவ்யூ பற்றிச் சொல்கிறோம்.

'உண்மைதானே' என்பது மட்டும் போதாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு. உண்மையைச் சொல்வதற்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அது பொதுநலனுக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். உங்கள் வரியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். '710 கிரேடு இல்லை' என்பதைச் சோதித்துக் காட்டலாம்; ஐ.எஸ். 710 என்றால் பசை 72 மணி நேரம் கொதிநீரில் பிரியாமல் நிற்க வேண்டும். 'தெரிந்தே டூப்ளிகேட் விற்கிறான்', 'திருடன்' என்பது அவர் மனசுக்குள் இருந்ததைப் பற்றிய பேச்சு. அதை எப்படி நிரூபிப்பீர்கள்?

அதே விஷயத்தை இப்படி எழுதியிருந்தால் எந்த வக்கீலும் யோசித்திருப்பார்: "மார்ச் மாதம் ஐ.எஸ். 710 என்று பில் போட்டு 19 மி.மீ. பிளைவுட் 6 ஷீட் வாங்கினேன். ஒரு துண்டை வெந்நீரில் கொதிக்க வைத்தபோது ஆறு மணி நேரத்தில் வெனீர் (மெல்லிய மரத் தகடு) பிரிந்தது, படம் இணைத்துள்ளேன். கடையில் இரண்டு முறை எழுதிக் கேட்டேன்; திரும்ப எடுக்க முடியாது என்றார்கள்." படிக்கிற இன்னொரு ஆசாரிக்கு இதுதான் உபயோகம். 'திருட்டுப் பய' என்று படித்து அவர் என்ன தெரிந்துகொள்வார்? யாருக்கோ கோபம் என்று நினைத்துத் தாண்டிப் போவார்.

போடக் கூடாதவை சில. முதலாளியின் முகம், சொந்த செல் எண், வீட்டு முகவரி. கவுண்டரில் நிற்கிற பையனின் பெயர். நீங்கள் வாங்காத சரக்கைப் பற்றிக் கேள்விப்பட்டது. மச்சான் பெயரிலும் தம்பி பெயரிலும் போடுகிற கூடுதல் ஒரு ஸ்டார்கள். கூகுள் அதைக் கண்டுபிடித்தால் உங்கள் உண்மையான ரிவ்யூவும் சேர்ந்து போகும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, "இருபதாயிரம் குடு, இல்லேன்னா கிழிச்சுடுவேன்" என்று அனுப்புகிற மெசேஜ். பெயரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்திப் பணம் கேட்பதை மிரட்டிப் பறித்தல் என்று போலீஸில் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கு வரவேண்டிய பணத்தையே கேட்டாலும், பணம் கேட்கும் மெசேஜில் ரிவ்யூ பேச்சே வரக் கூடாது.

வாட்ஸ்அப் குரூப் நமக்குள்ளே என்று நினைக்க வேண்டாம். அங்கே போடுவதும் வெளியிடுவதுதான்.

கேள்வி: ஆன்லைன் மொத்த விற்பனைத் தளத்தில் பார்த்த டீலருக்கு யுபிஐயில் 40,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். இப்போது போன் சுவிட்ச் ஆஃப். தளத்தில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
– ஏசி மெக்கானிக், அம்பத்தூர்

பதில்: காத்திருக்காதீர்கள். இதைப் படித்தவுடன் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள். சரக்கு லேட், சரக்கு மோசம் என்பது விற்பவர் மேல் புகார். ஆளே மறைந்துவிட்டால் அது மோசடி, அதற்குக் கதவு வேறு. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் வங்கி நிறுத்தி வைக்க வேண்டும், மணிக்கணக்கு முக்கியம். யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண், அனுப்பிய நேரம், அவருடைய யுபிஐ ஐடி மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

தளத்தின் மேல் தனியாகக் கேட்கலாம். மின்வணிக விதிகள், 2020-இன்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். டீலர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர்கள் அழிப்பதற்கு முன்னால்.

மற்றவர்களுக்கு: அட்வான்ஸ் போடும் முன் ஜிஎஸ்டி தளத்தில் அந்த ஆளின் எண்ணைத் தேடிப் பாருங்கள், லாகின் கூட வேண்டாம். பெயர், முகவரி, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று வரும். தமிழ்நாட்டுப் பதிவு 33-இல் தொடங்கும். 'சென்னை டீலர்' என்கிறவர் எண் வேறு மாநிலத்தில் தொடங்கினால் ஏன் என்று கேளுங்கள். பணம் போகும் கணக்கின் பெயரும் பில்லில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஜிஎஸ்டி போட்டு பில் கொடுத்தார், என் 2பி-யில் (வாங்கிய பில்களின் வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) வரவே இல்லை. இதையும் ரிவ்யூவில் போடலாமா?
– ஹார்டுவேர் கடை, மடிப்பாக்கம்

பதில்: முதலில் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 14-ஆம் தேதி வரை பொறுங்கள், 2பி அன்றைக்குத்தான் உருவாகும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுகிறவர் 13-க்குள். உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து தப்பாகப் போட்டிருந்தாலும் வராது. அதுதான் நிறைய நடப்பது. அவருடைய ஆடிட்டருக்கு பில்லை அனுப்பித் திருத்தம் கேளுங்கள். ரிவ்யூவில் போட இதில் ஒன்றுமில்லை. அடுத்த பில்லில் ஜிஎஸ்டித் தொகையை மட்டும் நிறுத்தி வைத்து, 2பி-யில் வந்தபின் தருகிறேன் என்று முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கேள்வி: ஒரு ஸ்டார் போட்டபிறகு கடைக்காரர் வீட்டுக்கே வந்து பம்ப்பை மாற்றிக் கொடுத்தார். ரிவ்யூவை அழிக்கச் சொல்லிக் கேட்கிறார். அழித்தால் ஐந்து சதவீதம் டிஸ்கவுண்ட்டாம்.
– பிளம்பர், திருவொற்றியூர்

பதில்: டிஸ்கவுண்ட் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு அழித்தால் அடுத்து நீங்கள் போடுகிற ரிவ்யூவை யாரும் நம்பமாட்டார்கள், கடைக்காரர் உட்பட.

அழிக்கவும் வேண்டாம், திருத்துங்கள். பழைய வரிகளை அப்படியே விட்டு, கீழே தேதி போட்டு 'பம்ப்பை மாற்றிக் கொடுத்தார்கள், 12 நாள் ஆனது, கூலி கேட்கவில்லை' என்று சேர்த்து ஸ்டாரை ஏற்றுங்கள். பழுது வந்தால் இந்தக் கடை என்ன செய்யும் என்பதுதான் அடுத்து வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது. கடைக்காரருக்கும் அதைச் சொல்லிப் பாருங்கள். வெறும் ஐந்து ஸ்டாரைவிட அந்த வரி அவருக்கு அதிகம் விற்றுக் கொடுக்கும். 1915-இலோ கம்பெனியிலோ புகார் எண் திறந்திருந்தால் அதையும் தீர்ந்தது என்று மூடச் சொல்லுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், கடைக்காரருக்கு அதன்பிறகும் போன் வந்துகொண்டே இருக்கிறது.